நாலு விரற்கடை

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற தூங்குமூஞ்சி மரத்தைப் போன பங்குனியில் சாய்த்தோம். சாய்த்தோம் என்று பன்மையில் சொல்வது கொஞ்சம் அதிகம். சாய்த்தவர் ஒருவர். கயிற்றோடு நின்றவர்கள் மூன்று பேர். நான் தள்ளி நின்று பார்த்தேன். இத்தனைக்கும் என்னிடம் சொந்தமாகவே மரம் அறுக்கிற மிஷின் இருக்கிறது, வருஷக்கணக்காகப் பிடித்துப் பழகியும் இருக்கிறேன். அப்புறம் ஏன் தள்ளி நின்றேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னையை விட்டால் வேறு பேச்சில்லாத ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. வானிலைத் துறையின் அன்றைய அறிக்கையில் காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120. நாம் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறோம், நமக்கு வராது என்று அப்பா முதல் நாள் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது விடிந்தபோது தோப்பில் 160 மரத்தில் 22 நின்றன. மற்றவை வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கொண்டை திருகியும் கிடந்தன. வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக வழி இல்லை. ரோட்டுக்குப் போனவர்களுக்கு ரோடே இல்லை.

அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாய் நிவாரணமும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. அந்த 500-ஐக் கேட்டு அப்பா சிரித்தார். புயலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்ட ஆள் கிடைத்தால்தானே கூலி? வெளி மாவட்டங்களிலிருந்து மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹவாய் செருப்போடு, விழுந்த மரத்தின் மேலேயே ஏறி நின்று அறுத்தார்கள். நாளுக்கு நாள் ரேட்டும் ஏறியது. கடைசியில் நானும் சித்தப்பா மகனும் ஆளுக்குப் பாதி போட்டுத் தஞ்சாவூரில் ஒரு மிஷின் வாங்கினோம்.

கடைக்காரர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். செயினுக்குத் தனி ஆயில். தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். முன்னால் இருக்கிற அந்தக் கறுப்புத் தகடு கைக்குக் கவசம் மட்டுமல்ல, செயினை நிறுத்தும் பிரேக்கும் அதுதான். மிஷினைப் பற்றி எல்லாம் சொன்னார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தென்னை வளர்க்கிறவனுக்கு மரத்தைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்கிற நினைப்பு.

தென்னை ஒரு வாரத்தில் அந்த நினைப்பைத் தீர்த்து வைத்தது. வேம்பு, பலா எல்லாவற்றிலும் நடுவில்தான் வைரம் பாயும். தென்னையில் எல்லாம் தலைகீழ். வெளிவட்டம் இரும்பு, உள்ளே போகப் போகச் சோறு. அது புல் இனத்துக்குச் சொந்தக்காரன். வருஷ வளையம் கிடையாது, பட்டை கிடையாது, ஆயிரக்கணக்கான நார்களைக் கட்டி நிறுத்திய தூண்தான் அது. புதுச் செயின் ஏழெட்டு மரத்திலேயே மழுங்கிவிடும். மழுங்கியதைக் கண்டுபிடிப்பது சுலபம். கூரான செயின் சீவல் சீவலாகத் துப்பும், மழுங்கிய செயின் மாவாக இறைக்கும். மாவு பறக்க ஆரம்பித்ததும் உட்கார்ந்து அரம் போட வேண்டும். நாங்கள் உட்காராமல் மிஷினை அழுத்தினோம். அழுத்தி அறுக்கிறவனுக்குத்தான் கை தவறும். அதை அப்போது சொல்ல ஆளில்லை.

இந்தச் செயினின் பல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்று ஒரு மரம்வெட்டி. 1946-இல் ஒரு நாள் விறகுக் கட்டைக்குள் ஒரு வண்டுப் புழு மரத்தை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். நாரின் போக்கிலும் போகிறது, குறுக்கேயும் போகிறது, எதுவும் அதற்குத் தடையில்லை. அதன் வாயில் இடமும் வலமுமாக வளைந்த இரண்டு தாடைகள். அதைப் பார்த்து இடப் பல், வலப் பல் என்று மாற்றி மாற்றி வரும் ஒரு செயினை அடுத்த வருஷமே செய்துவிட்டார். இன்றைக்கு நம் கையில் இருக்கிற செயினும் அந்த வம்சம்தான். சிவப்புக் கூன்வண்டின் புழுவைத் தென்னந்தோப்புக்காரன் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பான்! நாம் பார்த்ததும் நசுக்குவோம். அதன் வாயை யார் பார்த்தது?

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாரம் மிஷின் என்னை உதைத்தது. செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டுக்குப் பார் என்று பெயர். அந்தப் பாரின் மூக்கு இருக்கிறதே, அதன் மேல்பாதி எதிலாவது முட்டினால் செயின் அந்த இடத்தில் கடிக்க முடியாமல் மொத்த மிஷினையும் மேல்நோக்கித் தூக்கி எறியும். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் போல ஓடுகிறது. அந்த வேகம் அப்படியே முகத்தைப் பார்த்துத் திரும்பும். நான் அறுத்துக்கொண்டிருந்தது ஒரு மட்டையை. அதற்குப் பின்னால் இன்னொரு கட்டை கிடந்தது கண்ணில் படவில்லை. பிரேக் தானாக விழுந்து செயின் நின்றது. நெற்றியில் மோதியது நின்றுபோன பார். மூன்று தையல். நடந்ததை நான் புரிந்துகொள்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா அந்த மிஷினுக்குச் சுத்திப் போட்டாள். எனக்குப் போடவில்லை.

அடுத்தது பலா. கொல்லையில் வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர் இருந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம். பெயர்ந்த வேரும் மண்ணும் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்று அந்தப் பள்ளத்துக்கு நிழல் கொடுத்தது. தண்ணீர்ச் செம்பை அந்த நிழலில் வைத்துவிட்டு, தூரிலிருந்து மூன்றடி தள்ளி அறுத்தேன். தண்டு அறுந்ததும் அந்த வேர்ச்சுவர் அப்படியே பள்ளத்துக்குள் சாய்ந்தது. பெரிய கதவு சாத்துகிற மாதிரி ஒரு தொம். அடிமரம் பழையபடி தன் குழியில் போய் உட்கார்ந்துவிட்டது. அதுவரை அந்தச் சுவரை நிமிர்த்தி வைத்திருந்தது தண்டின் பாரம்தான். பாரத்தை நான் எடுத்துவிட்டேன், வேர் திரும்பிப் போய்விட்டது. சித்தப்பா பேரன் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அந்தக் கட்டை அடுத்த மழையில் துளிர்த்து இன்றைக்கும் நிற்கிறது. செம்பு அதன் அடியில்தான் இருக்கிறது.

விழுந்த மரம் செத்த மரம் என்று நினைப்பதுதான் புயலுக்குப் பிறகு நடக்கிற முக்கால்வாசி விபத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். விழுந்த மரம் வளைத்துக் கட்டிய வில். எந்தப் பக்கம் நார் இழுபட்டு நிற்கிறது, எந்தப் பக்கம் நசுங்கி நிற்கிறது என்று பார்த்து, நசுங்குகிற பக்கத்தில் முதலில் கொஞ்சமாக அறுத்துவிட்டு, அப்புறம் இழுபடுகிற பக்கம் போக வேண்டும். மாற்றி அறுத்தால் ஒன்று பார் மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கட்டை சீறும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். கோடாலியும், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கிற நீள வாளுமாகவே காலம் தள்ளியவர். நான் மிஷினோடு அலைவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "மரம் பேசுறது ஒனக்குக் கேக்குதாடா?" அவர் ஏதோ சாமி சமாச்சாரம் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நார் அறுபடுகிற சத்தத்தைத்தான் சொன்னார். கோடாலியால் வெட்டும்போது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருக்கிறது. மரம் விழ ஆரம்பித்தால் அந்த இடைவெளியில் நறநற என்று கேட்டுவிடும். மிஷின் அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. காது அடைபடுகிற இரைச்சலில் மரம் எத்தனை தடவை சொன்னாலும் நமக்குக் கேட்காது.

இப்போது தூங்குமூஞ்சிக்கு வருகிறேன். அப்பாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நிற்கிற மரம். சாயங்காலம் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். அதன் காயை மாடுகள் தின்னும் வேகத்தைப் பார்த்தால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் என்று யாரும் நம்பமாட்டார்கள். கஜாவில் அது விழவில்லை, ஆனால் தென்மேற்காகக் கொட்டகைப் பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கம் மண் வெடித்து வேர் ஒன்று வெளியே தெரிந்தது. ஆறு வருஷம் அப்படியே விட்டோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூரில் தட்டுத் தட்டாகக் காளான் வந்தது. மரத்தின் அடியில் காளான் முளைத்தால் உள்ளே எப்போதோ சமையல் முடிந்து பந்தி நடக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் கொட்டகை, இன்னொரு பக்கம் இபி லைன். இந்த மரத்தை நான் தொடுவதில்லை என்று முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்தால் போதும்.

மரத்தைச் சாய்க்க வந்த அண்ணன் கேரளத்திலும் நீலகிரி எஸ்டேட்களிலும் வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முதல் நாள் மிஷினே கொண்டுவரவில்லை. கையில் ஒரு கோடாலி மட்டும். அதன் பின்பக்கத்தால் மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரிதான், கணீர் என்றால் கட்டை, டொப் என்றால் பொந்து. அப்புறம் தள்ளிப் போய் நாலு திசையிலிருந்தும் உச்சியைப் பார்த்தார். காய்ந்து, முறிந்து, மேலேயே தொங்கிக்கொண்டிருந்த ஒரு கொப்பைக் காட்டி, "மொதல்ல அது. அது கீழ வர்ற வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார். அடியில் மிஷின் அதிரும்போது உச்சியில் ஒட்டிக்கொண்டிருப்பது கழன்று விழும். மரம் வெட்டுகிறவர்களில் பலர் வெட்டிய மரத்தால் சாவதில்லை, மேலிருந்து விழுகிற இந்தக் காய்ந்த கொப்பால்தான் சாகிறார்கள் என்றார்.

சித்தப்பா டிராக்டரைக் கட்டி இழுக்கலாம் என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "டிராக்டர் இழுக்கும் சித்தப்பா. எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது." வெடுக்கென்று இழுத்தால் அறுத்து முடிப்பதற்குள் மரம் கிழிந்துவிடுமாம். அதற்குப் பதிலாக உச்சிக் கவட்டையில் வடம் கட்டி, கிழக்கே புளியமரத் தூரில் கப்பி வழியாகத் திருப்பி, கையால் பல் பல்லாக இறுக்குகிற வின்ச்சில் மாட்டினார். கப்பி இருப்பதால் இறுக்குகிறவர்கள் மரம் விழுகிற வழியில் நிற்க வேண்டியதில்லை. இரண்டாம் நாள் முழுக்கக் கொப்புக் கழிப்பதிலேயே போனது. லைன்மேன் வந்து கரண்ட்டை நிறுத்திக் கொடுத்தார். கொட்டகைப் பக்கம் நீண்டிருந்த கொப்புகள் ஒவ்வொன்றும் கயிற்றில் தொங்கிக் குழந்தை மாதிரி இறங்கின.

மூன்றாம் நாள் அடிமரம். எஞ்சியது முப்பது அடி, எடை மூன்று டன்னுக்குக் குறையாது. முதலில் பாரின் மூக்கை, கீழ்ப்பாதியால் மெல்லத் தொடங்கி, நேராக மரத்துக்குள் செருகினார். எட்டிப் பார்த்தேன். சீவலாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று ஈரமாகக் குழைந்த, உளுத்துப்போன பொடியாக மாறியது. "இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு முழம் மேலே போனார். அங்கேயும் செருகினார். அங்கே கடைசி வரை சீவல். அந்த உயரத்தில் குறுக்களவு இரண்டரை அடி.

அவர் வெட்டுவதற்கு முன்னால் செய்த ஒரு காரியம், நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாதது. ஓடுகிற வழியைச் சுத்தம் செய்தார். விழுகிற திசைக்கு நேர் பின்னால் இல்லை, பின்னால் சாய்வாக, இடமும் வலமுமாக இரண்டு வழி. கல், கயிறு, முள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு தடவை நடந்தும் பார்த்தார். ஏன் நேர் பின்னால் ஓடக் கூடாது? மரம் விழும்போது அடிப்பகுதி கட்டையிலிருந்து வழுக்கிப் பின்னோக்கி உதைக்கும் என்றார்.

மரம் விழ வேண்டிய கிழக்குப் பக்கம் வாய் எடுத்தார். மேலிருந்து சாய்வாக ஒரு அறுப்பு, கீழே கிடையாக ஒரு அறுப்பு, தர்பூசணிக் கீற்று மாதிரி ஒரு துண்டு வெளியே வந்தது. வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் மரம் பாதி சாய்வதற்குள் வாய் மூடிக்கொண்டு, மீதியை மரமே தன் இஷ்டத்துக்குக் கிழித்துக்கொள்ளும். அப்புறம் எதிர்ப்பக்கம் பின்னறுப்பு. அது வாய் வரை போகாது. நடுவில் ஒரு பட்டை அறுபடாமல் நிற்க வேண்டும், குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு. இந்த மரத்துக்கு நாலு விரற்கடை. கதவுக்குக் கீல் மாதிரி, விழுகிற மரத்தைக் கடைசி வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது அந்தப் பட்டைதான். அதையும் அறுத்துவிட்டால் மூன்று டன் எந்தப் பக்கமும் போகலாம். கஜா சமயத்தில் நாங்கள் முறிந்து நின்ற தென்னைகளை எல்லாம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அறுத்துத் தள்ளினோமே, அவற்றில் எதுவும் எங்கள் மேல் விழாதது எங்கள் சாமர்த்தியம் இல்லை. கொட்டகைப் பக்கம் சாய்வு இருந்ததால் அதற்கு எதிர்க்கோடியில் கீலைக் கொஞ்சம் கூடுதல் கனமாக விட்டார்.

பின்னறுப்பு பாதி தாண்டியதும் இரண்டு ஆப்பு அடித்தார். கெட்டிப் பிளாஸ்டிக் ஆப்பு, செயின் பட்டாலும் பல் உடையாது. மரம் பின்னால் உட்கார்ந்து பாரைக் கவ்வாமல் இருக்கவும், அங்குலம் அங்குலமாக முன்னால் தள்ளவும் அதுதான். அறுத்த கட்டையில் ஆப்பைப் பிடுங்கி வால் மாட்டிக்கொண்ட குரங்கின் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த ஆப்பு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

கீலுக்கு இன்னும் இரண்டு விரல் இருக்கும்போது மிஷினை அணைத்தார். ஹெல்மெட்டின் காதுமூடியைத் தூக்கிவிட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அறுத்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் பேசவில்லை. சித்தப்பா என்னிடம் "என்னடா, முடியலையா?" என்று கிசுகிசுத்தார். வின்ச்சில் இருந்தவருக்குக் கையால் ஜாடை. ஒரு பல், இரண்டு பல். உச்சி லேசாக அசைந்தது. அப்போது கேட்டது, அந்தப் பெரியவர் சொன்ன சத்தம். கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல், அப்புறம் அமைதி.

மறுபடி ஸ்டார்ட் செய்து ஒரு விரல் அளவு அறுத்தார், அணைத்தார். மீதியை மிஷினால் செய்யவே இல்லை. கோடாலியின் பின்பக்கத்தால் ஆப்பை மாற்றி மாற்றி அடித்தார். நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ இடைவெளி விரிய ஆரம்பித்தது. கோடாலியைப் போட்டுவிட்டுத் தான் போட்ட வழியில் திரும்பி நடந்தார். ஓடவில்லை. ஆனால் பார்வையை மரத்திலிருந்து எடுக்கவும் இல்லை. அது கிழக்கே, வெறும் நிலத்தில், அவர் காலையில் குச்சி நட்டிருந்த இடத்துக்கு ஒரு கஜம் தள்ளி விழுந்தது. கொட்டகையில் மாடு ஒரு தடவை எழுந்து, திரும்பப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது, விழுகிற திசைக்கே சாய்ந்து நிற்கிற மரம் என்றால் சுலபம்தானே என்று கேட்டேன். அதுதான் ஆளைக் கொல்லும் என்றார். அப்படிப்பட்ட மரத்தைப் பின்னாலிருந்து அறுத்துக்கொண்டே போனால், பாதிக்கு முன்பே தண்டு நெடுக்கில் பிளந்து, பின்பாதி உதைத்துக்கொண்டு எழுந்து அறுக்கிறவன் தாடையில் அடிக்கும். இங்கிலீஷ்காரர்கள் அதற்குச் சலூன் நாற்காலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கு வைத்தியம், கீலுக்குப் பின்னால் பாரை நடுவில் செருகி உள்ளேயிருந்து அறுத்து, பின்பக்கம் ஒரு பட்டையை மட்டும் பிடிக்கு விட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு அதைக் கடைசியாக அறுப்பது. நான் இதுவரை எத்தனை சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து அறுத்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கூலி விஷயத்தில் சித்தப்பா கொஞ்சம் இழுத்தார். மிஷின் ஓடியது மொத்தமே ஒரு மணி நேரம்தானே என்பது அவர் கணக்கு. அம்மா உள்ளேயிருந்து வந்து பேசிய தொகையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அண்ணன் ஊரில் இருக்கிறாரே என்று குளத்தங்கரை அரசமரத்தையும் காட்டினார்கள். அதுவும் கஜாவில் அரைகுறையாக நின்ற மரம்தான். அடியில் பிள்ளையார், இரண்டு சிமெண்டு பெஞ்சு, பேருந்துக்கு நிற்கிற கூட்டம். சுற்றித் தட்டினார். தண்ணீர்ப் பக்கம் வேர் அரித்துப் போயிருந்தது. எந்தப் பக்கம் தட்டினாலும் டொப். வடம் கட்ட நம்பிக்கையான ஒரு கவட்டை இல்லை, கீல் விடுவதற்கு உள்ளே கட்டையும் இல்லை. "இதுல நான் ஏற மாட்டேன். யாரையும் ஏத்தவும் செய்யாதீங்க. பெரிய கிரேன் வந்தா மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அறுக்கலாம். அது இந்தச் சந்துக்குள்ள வராது."

அப்போ என்னதான் செய்வது என்று தலைவர் கேட்டார்.

"மரத்தை நகர்த்த முடியாதுல்ல? கீழ இருக்குறத நகர்த்துங்க."

பெஞ்சு இரண்டையும் மறுவாரமே எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள். பேருந்தும் இப்போது அங்கேதான் நிற்கிறது. அரசமரத்தைச் சுற்றி முள்வேலி. பிள்ளையாரை நகர்த்துவதைப் பற்றி இரண்டு தடவை ஊர்க்கூட்டத்தில் பேசியாகிவிட்டது, இன்னும் முடிவாகவில்லை.